ஆய்வகத்தில் அகப்படாதவன் இல்லாதவனா?

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



போன வாரம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நான் மிஹ்ராபிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜமாஅத் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நம் முஹல்லாக்காரர்தான். விவசாயம் பார்ப்பவர், முன் ஸஃப்பில் நிற்பவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஹஜ்ரத், பையன் மூணு மாசமா பள்ளிக்கு வரலை. ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்திருக்கான். வெள்ளிக்கிழமைகூட ரூமைச் சாத்திக்கிட்டு இருக்கான். அவங்கம்மா அழுவுறா" என்றார். கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பையன். ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இதுதான்: "அத்தா, ஒரு விஷயம் உண்மையா இல்லையான்னு தெரிஞ்சுக்க அறிவியல் ஒண்ணுதான் நம்பகமான வழி. அல்லாஹ் இருக்கான்னு அறிவியல் காட்டட்டும், நான் தொழுவுறேன்."

அந்த அத்தா எட்டாம் வகுப்போடு நின்றவர். நாற்றங்காலைப் பார்த்து நெல்லின் வயதைச் சொல்வார். இதற்கு என்ன சொல்வார்? என்னிடம் வந்துவிட்டார். அவரிடமும் பையனிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் இன்று இதைப் பேசுகிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் தேடவேண்டாம். நம்மில் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. வாய் திறந்து கேட்டவன் இவன் ஒருவன், அவ்வளவுதான்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், மக்தப் மதரஸாவில் ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான், சரி. அல்லாஹ்வை யாரு படைச்சா?" என்று கேட்டான். நான் பிரம்பை மேசையில் தட்டி, "உட்காரு, அது ஷைத்தான் கேக்கச் சொல்ற கேள்வி" என்று அதட்டினேன். ஆதாரமும் கையில் இருந்தது. ஷைத்தான் ஒருவரிடம் வந்து, இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் உன் இறைவனைப் படைத்தது யார் என்று கேட்பான். அந்த இடத்தில் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். ஆனால் அந்த ஹதீஸ், மனதைக் குடைகிற வஸ்வஸாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தந்த மருந்து. விளங்கிக்கொள்ளக் கேட்கிற பிள்ளையின் வாயை அடைக்க நான் அதை எடுத்துக்கொண்டேன். அந்தச் சிறுவன் அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், தொழுகையோடு தொடர்பில்லை என்று கேள்வி. என் அதட்டல்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் திறந்திருந்த ஒரு கதவைச் சாத்தியவன் நான்.

அதனால் இந்த முறை நானே போனேன். பையன் வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. "அத்தா அனுப்பினாங்களா?" என்றான். "ஆமாம் தம்பி, ஆனா உன்னைத் திட்ட வரலை, கேக்க வந்தேன்" என்றேன்.

அறிவியல்மேல் நமக்கு என்ன கோபம்?

முதலில் அவன் என்னிடம் எதிர்பார்த்தது, நான் அறிவியலைத் தாழ்த்திப் பேசுவேன் என்று. நம் மேடைகள் சில நேரம் அப்படிப் பழக்கிவிட்டிருக்கின்றன. நான் சொன்னேன்: தம்பி, நீ உட்கார்ந்திருக்கிற இந்த வயலே அறிவியல் விளைத்த வயல். 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து வந்த ரகங்களை நம் பாட்டன்மார் குறுவைக்கும் சம்பாவுக்கும் போட்டார்கள். எந்த மௌலவியும் ஏ.டி.டி. 43க்கு ஃபத்வா கேட்கச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் தம் அபிப்பிராயத்தைச் சொல்ல, மக்கள் அதை விட்டுவிட, அந்த வருடம் விளைச்சல் குறைந்தது. அப்போது, உங்கள் உலக வேலைகளை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் பெருமானார் சொல்லிவிட்டார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி. மரம் காய்க்குமா காய்க்காதா என்பதை மரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தது. வானிலைத் துறை நாள்கணக்கில் முன்கூட்டியே சொன்னதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களுக்குப் போனார்கள், எத்தனையோ உயிர் தப்பியது. அந்த எச்சரிக்கையை மதிக்காமல், தவக்குல் என்று சொல்லி ஓட்டு வீட்டில் படுத்திருப்பது ஈமான் ஆகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாயகத்தின் மகன் இப்ராஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. பெருமானாரின் பிள்ளை இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பொய்யான ஒரு தலைவராக இருந்தால் அந்தப் பேச்சை ஊதிப் பெரிதாக்கியிருப்பார். இல்லையென்றால் குறைந்தபட்சம் சும்மா இருந்திருப்பார். நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளையைப் புதைத்த துக்கத்தோடு எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தனக்குச் சாதகமான ஒரு பொய்யான ஆதாரத்தைத் தன் கையாலேயே உடைத்தவர் அவர். 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தின்போது நம் தஞ்சையிலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. விநாடி சுத்தமாக நேரம் சொன்னது வானியல். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் நாம் கிரகணத் தொழுகைக்கு ஸஃப் கட்டினோம். அதில் முரண் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நிலாவில் ஆம்ஸ்ட்ராங் பாங்கு சப்தம் கேட்டு முஸ்லிமானார் என்று இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவரே மறுத்துவிட்ட கதை அது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அல்லாஹ்வுக்கு நம் பொய் தேவையில்லை. கல்லூரிப் பையன் அந்தக் கதையைக் கூகுளில் தேடிப் பார்த்து பொய் என்று கண்டுபிடிக்கும்போது, ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் அவன் விடுவதில்லை. அதோடு சேர்த்து நம்மையும் விட்டுவிடுகிறான். அந்தப் பையனே இதைச் சொன்னான். "சின்ன வயசுல எல்லாத்தையும் நம்பினேன் ஹஜ்ரத், ஒண்ணொண்ணாப் பொய்யாப் போச்சு" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அறிவுக்கு எத்தனை வாசல்?

நான் ஓதிய காலத்தில் அகீதாவுக்கு எங்களுக்கு ஷரஹுல் அகாயித் பாடம். ஹிஜ்ரி 537இல் மறைந்த இமாம் உமர் நஸஃபி எழுதிய சிறு நூலுக்கு அல்லாமா தஃப்தாஸானி எழுதிய விளக்கவுரை. அல்லாஹ்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கிதாபு எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஒன்றை "அறிந்தேன்" என்று சொல்ல மனிதனுக்கு என்ன வழி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. மூன்று வழி. பழுதில்லாத ஐம்புலன்கள். உண்மையான செய்தி. அறிவு, அதாவது அக்ல். இருபது வயதில் இதை மனப்பாடம் செய்தபோது, இது எதற்கு, நேராக ஈமானுக்கு வரக்கூடாதா என்று அலுத்துக்கொண்டேன். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

பையனிடம் கேட்டேன்: "அறிவியல் ஒண்ணுதான் நம்பகமான வழின்னு சொன்னியே, அந்த வாக்கியத்தை எந்த ஆய்வகத்துல சோதிச்சாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தான். சிரித்தான். "அது... அறிவியல் இல்ல. அறிவியலைப் பத்தின ஒரு கருத்து" என்றான். அதேதான். எடை போட்டோ, சூடாக்கியோ, தொலைநோக்கியில் பார்த்தோ அடைந்த முடிவு அல்ல அது. அறிவியலுக்கு வெளியே நின்று சொல்லப்படுகிற ஒரு தத்துவம். அது உண்மை என்று வைத்துக்கொண்டால், அறிவியல் அல்லாத ஒரு வழியில் ஒரு உண்மை கிடைத்துவிட்டது என்றாகிவிடும். தன் கிளையைத் தானே வெட்டுகிற பேச்சு. ஐரோப்பாவில் சென்ற நூற்றாண்டில் வியன்னா நகரத்தில் கூடிய தத்துவவாதிகள் சோதித்துப் பார்க்க முடியாத பேச்செல்லாம் பொருளற்றது என்று ஒரு அளவுகோலை வைத்தார்கள். அந்த அளவுகோலையே அதே அளவுகோலால் அளக்க முடியாமல் போனது அவர்களுக்குப் பெரிய தலைவலியானது.

அவன் விடவில்லை. "சரி ஹஜ்ரத், ஆனா மத்த வழியெல்லாம் நம்பகமா இல்லையே? ஆளுக்கொண்ணு சொல்றாங்களே?" என்றான்.

நம் கும்பகோணத்துக்கே போவோம் என்றேன். ஸ்ரீநிவாச ராமானுஜன். சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டில் வளர்ந்தவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டி அவற்றை எப்படிச் சரிபார்த்தார்? குடுவையில் ஊற்றியா? தராசில் வைத்தா? நிரூபணம் என்ற ஒன்றைத் தேடினார். அது முழுக்க முழுக்க அக்லின் வேலை. பகா எண்கள் முடிவில்லாமல் போகின்றன என்பதை எந்தத் தொலைநோக்கியும் பார்த்துச் சொல்லவில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் இயற்பியலில் இருக்கிற எந்த விதியையும்விட அது உறுதியானது. ராமானுஜன் பகா எண்களின் பரவல் பற்றிச் சொன்ன சில முடிவுகள் தவறாகவும் போயின. அதைக் கண்டுபிடித்ததும் இதே அறிவுதான். ஆக, ஆய்வகம் இல்லாமலே சரி எது, தவறு எது என்று பிரிக்கிற வழி இருக்கிறது. இயற்பியல் அந்தக் கணிதத்தின் தோளில் ஏறித்தான் நடக்கிறது.

ராமானுஜன் தம் சூத்திரங்கள் நாமகிரித் தாயாரின் அருளால் வந்தவை என்று நம்பினார். ஹார்டி கடவுளே இல்லை என்றவர். அவருடைய நம்பிக்கை நம்முடையது அல்ல, அதை வைத்து நான் வாதம் செய்யவும் இல்லை. நான் சுட்டிக்காட்டுவது வேறு: இருவருக்கும் ஒரே கணிதம். அதேபோல, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் இயற்பியலுக்கு நோபல் பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம், ராமேஸ்வரத்தில் ஒரு இமாமின் மகனாகப் பிறந்து, கடைசிவரை இறைநம்பிக்கையோடு வாழ்ந்தார். அதே நியூட்டன், அதே ஐன்ஸ்டைன். இயற்பியலே இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடும் என்றால், படித்த இருவரும் ஒரே பக்கம் வந்து நின்றிருக்கவேண்டும். ஆகவே "கலாமே நம்பினார்" என்று நாம் ஆதாரம் காட்டுவதும் செல்லாது, "சந்திரசேகரே நம்பவில்லை" என்று அவர்கள் காட்டுவதும் செல்லாது. தீர்ப்பு வேறு இடத்தில் நடக்கிறது.

வாய்க்கால் தண்ணீர்

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு உதாரணம் தேடவேண்டிய அவசியம் வரவில்லை.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" "பெரிய வாய்க்கால்லேர்ந்து." "அதுக்கு?" "ஆத்துலேர்ந்து, கல்லணையிலேர்ந்து." "அதுக்கு?" "மேட்டூர்." மேட்டூர் அணை 120 அடி, 93 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். ஜூன் 12 வந்தால் டெல்டா முழுக்க அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். இவன் கடைமடை விவசாயியின் பிள்ளை. மேலே தண்ணீர் இல்லாவிட்டால் கீழே என்ன ஆகும் என்பது எந்தப் புத்தகத்தையும்விட அவன் வீட்டுச் சோற்றுப் பானைக்குத் தெரியும்.

நான் சொன்னேன்: வாய்க்காலுக்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது. அது வாங்கிக் கொடுக்கிற பாத்திரம். வாய்க்கால்களை மட்டுமே ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கையில்லாமல் வெட்டிக்கொண்டே போனாலும், சொந்தத் தண்ணீர் உள்ள ஒன்று தலைப்பில் இல்லாவிட்டால் கடைமடைக்கு ஒரு சொட்டும் வராது. நாம் காண்கிற எல்லாமே அப்படித்தான். நீ இல்லாமல் இருந்தாய், பிறகு இருந்தாய், இனி இல்லாமல் போவாய். இந்த மரம், இந்தப் பூமி, சூரியன் எல்லாமே "இருப்பு" என்பதை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்டதை எங்கள் கிதாபுகளில் மும்கின் என்போம். இருக்கவும் முடியும், இல்லாமல் போகவும் முடியும். வாங்குகிறவர்கள் மட்டுமே இருக்கிற ஊரில் யாரிடமும் எதுவும் இருக்காது. தன் இருப்பைத் தானாகவே உடைய ஒருவன், வாஜிபுல் வுஜூத், இருந்தே ஆகவேண்டும்.

பையன் கெட்டிக்காரன். "ஹஜ்ரத், நீர்ச் சுழற்சி இருக்கே? கடல், மேகம், மழை, ஆறு, திரும்பக் கடல். வட்டமாச் சுத்தினா தலைப்பே வேண்டாமே? பிரபஞ்சமும் அப்படியே எப்பவும் இருந்துட்டுப் போகட்டுமே?" என்றான்.

நல்ல கேள்வி. என்னோடு ஓதியவர்களில் இதைக் கேட்டவர் யாரும் இல்லை. நான் சொன்ன பதில்: வட்டம் எப்படிச் சுற்றுகிறது என்பதை நீ விளக்கிவிட்டாய். அதில் தண்ணீர் ஏன் இருக்கிறது என்பதை விளக்கவில்லை. ஆயிரம் கோடி வருடம் சுற்றட்டும், ஆரம்பமே இல்லாமல்கூடச் சுற்றட்டும். சுற்றுகிற ஒவ்வொரு சொட்டும் இல்லாமலும் போயிருக்கக் கூடியதுதானே? இல்லாமையை விட்டு இருப்புக்கு அதைக் கொண்டுவந்து பிடித்துவைத்திருப்பது எது? பெருவெடிப்பு எப்போது நடந்தது என்பது அறிவியலின் கேள்வி, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வெடிப்பதற்கு ஏதோ ஒன்றும், அது நடந்துகொள்ள ஒரு விதியும் ஏன் இருக்கவேண்டும் என்பது அந்தக் கருவிகளுக்கு எட்டாத கேள்வி. கருவி மட்டம் என்பதால் எட்டாமல் போகவில்லை. கருவியும் வாங்குகிறவர்கள் வரிசையில்தான் நிற்கிறது.

அப்போது அவனே கேட்டான், பதினைந்து வருடத்துக்கு முன்னால் அந்தச் சிறுவன் கேட்ட அதே கேள்வியை: அப்படியானால் அல்லாஹ்வுக்கு யார் கொடுத்தது? இந்த முறை என் கையில் பிரம்பு இல்லை. வயலை நனைத்தது எது என்று கேட்டால் தண்ணீர் என்போம். தண்ணீரை நனைத்தது எது என்று யாரும் கேட்பதில்லை தம்பி. வெளியிலிருந்து பெற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றித்தான் "யார் கொடுத்தது" என்ற கேள்வி நிற்கும்.

இதே இடத்தைத்தான் ஸூரத்துத் தூரின் 35ஆவது வசனம் தொடுகிறது. எதுவுமில்லாமல் தாங்களாகவே உண்டாகிவிட்டார்களா, அல்லது தங்களைத் தாங்களே படைத்துக்கொண்டார்களா என்று அல்லாஹு தஆலா கேட்கிறான். ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் அப்போது முஸ்லிம் இல்லை. பத்ருப் போர்க் கைதிகள் விஷயமாகப் பேச மதீனாவுக்கு வந்தவர். மஃக்ரிப் தொழுகையில் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த இடத்தை ஓதக் கேட்டபோது தம் இதயமே பறந்துவிடும்போல ஆனதாகப் பின்னாளில் சொல்கிறார். புகாரியில் இருக்கிறது. எந்த அற்புதமும் அவருக்குக் காட்டப்படவில்லை. ஒரு கேள்வி நெஞ்சில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

செய்தியை நம்புவது மூடத்தனமா?

பையன் நேர்மையானவன். "இதுவரைக்கும் ஒத்துக்கிட்டாக்கூட, ஏதோ ஒண்ணு இருக்குன்னுதான் வருது. அது நான் கேக்குற துஆவைக் கேக்குற அல்லாஹ்ன்னு எப்படி ஆவும்?" என்றான். உண்மை. அக்ல் தனியாக அதுவரைதான் கொண்டுவந்து விடும். வாசலில் யாரோ இருக்கிறார் என்று அது சொல்லும். அவர் பேரையும் குணத்தையும் அவரே சொன்னால்தான் தெரியும். அங்கேதான் மூன்றாவது வழி: உண்மையான செய்தி.

செய்தி என்றதும் முகம் சுளிக்கவேண்டாம். நம் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் கட்டினான் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதை மறுபடி ஒருமுறை நடத்திப் பார்க்க எந்தப் பரிசோதனையும் இல்லை. கல்வெட்டு சொல்கிறது, கல்வெட்டு ஒரு செய்தி. நீ யார் பிள்ளை என்பதே உனக்குச் செய்தியாகத்தான் வந்தது. நீ படிக்கிற இயற்பியலில் எத்தனை பரிசோதனையை நீயே செய்து பார்த்தாய்? மற்றதெல்லாம் நம்பத்தகுந்தவர்கள் சொல்லி நீ ஏற்றுக்கொண்டதுதான். தப்பில்லை. யார் சொல்கிறார், எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் விஷயம்.

ஸஃபா குன்றின் மேல் நின்று நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷிகளை அழைத்து, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குதிரைப்படை வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா என்று கேட்டபோது, உங்களிடம் நாங்கள் பொய்யைக் கண்டதேயில்லை என்றார்கள். சொன்னவர்கள் பிற்பாடு எதிரிகளானவர்கள். ரோம மன்னர் ஹிரக்ல், அபூ ஸுஃப்யானை நிறுத்திவைத்து விசாரித்த சம்பவம் புகாரியின் ஆரம்பத்திலேயே வரும். அபூ ஸுஃப்யானும் அன்று எதிரிதான். இதற்கு முன் அவர் பொய் சொன்னதுண்டா? வாக்கு மீறியதுண்டா? முன்னோரில் அரசர் யாராவது இருந்தாரா? அவரைப் பின்பற்றுகிறவர்கள் பணக்காரர்களா, எளியவர்களா? சேர்ந்தவர்கள் வெறுத்துப் போய்த் திரும்புகிறார்களா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு சோதனை. ஆட்சிக்காகப் பேசுகிறாரா, பணத்துக்கா, பித்தா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிறார் மன்னர். பிறகு நம் முஹத்திஸீன்கள் இதையே ஒரு கலையாக்கினார்கள். ஒரு ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசையில் ஒருவருடைய நினைவாற்றல் தளர்ந்த வயதைக்கூட எழுதிவைத்தார்கள். இதற்குக் கண்மூடி நம்புவது என்று பெயர் வைக்க முடியாது. "இதைப் படிச்சுப் பாக்காம தூக்கிப் போட்டேன்னா, அதுதான் அறிவியல் மனப்பான்மைக்கு விரோதம்" என்றேன். தலையாட்டினான். ஒத்துக்கொண்டான் என்று சொல்லமாட்டேன், படிக்கிறேன் என்றான்.

கும்பகோணம்

இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் அவன் மனதில் இருந்ததைச் சொன்னான்.

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ. அன்றும் வெள்ளிக்கிழமை. 94 பிள்ளைகள். அவன் பிறப்பதற்கு முந்தைய சம்பவம். ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தை அவனுக்குத் தெரியும். "அன்னைக்கு அந்தப் பிள்ளைங்க கத்தினது அல்லாஹ்வுக்குக் கேக்கலையா ஹஜ்ரத்?" என்றான். குரல் கம்மியிருந்தது. இதுவரை பேசிய இயற்பியலெல்லாம் மேல் மண். இதுதான் அடி மண் என்று அப்போது புரிந்தது.

சகோதரர்களே, அன்று நான் பட்டம் வாங்கி இமாமாகச் சேர்ந்த புதிது. ஜும்ஆவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அன்று மிம்பரில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. தொண்டை அடைத்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்தத் தாய்மார்களின் முகத்துக்கு நேராக நின்று சொல்லத்தக்க பதில் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. பையனிடம் அதையே சொன்னேன். சின்னப் பிள்ளைகள் இறந்தால் சுவர்க்கம் என்று நம் மார்க்கம் சொல்வதை நான் நம்புகிறேன். அதைச் சட்டென்று எடுத்து நீட்டி ஒருவருடைய அழுகையை நிறுத்தப் பார்ப்பதுதான் கூடாது. நாயகம் (ஸல்) அவர்களே இப்ராஹீமுக்காக அழுதார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்டேன். தீ எப்படிப் பிடித்தது, சமையலறைக் கீற்றிலிருந்து வகுப்பறைக் கூரைக்கு எப்படித் தாவியது என்று அறிவியல் சொல்லிவிடும். அது அநியாயம் என்று உனக்கு யார் சொன்னது? ஆக்சிஜனும் கீற்றும் தம் வேலையைச் செய்தன. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனாலும் நடந்திருக்கக் கூடாது என்று உன் நெஞ்சு பதறுகிறது. உண்மை அறிவியலுக்குள் மட்டும்தான் என்றால், அந்தப் பதற்றம் வெறும் மூளை ரசாயனம், வேறொன்றுமில்லை. உனக்கு அது போதுமா?

வெகுநேரம் பேசாமல் இருந்தான். "போதாது" என்றான். பிறகு, "ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு" என்றான். "இருக்கட்டும் தம்பி" என்றேன்.

இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்விடமே கேட்டார்கள். நம்பவில்லையா என்று அல்லாஹ் கேட்க, நம்புகிறேன், ஆனால் என் உள்ளம் அமைதியடைய வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸூரத்துல் பகராவின் 260ஆவது வசனத்தில் வருகிறது. அல்லாஹ் கோபப்படவில்லை, செய்முறை சொல்லிக் கொடுத்தான். வாய்விட்டுச் சொல்லவே அஞ்சும்படியான எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று ஸஹாபாக்கள் வந்து முறையிட்டபோது, அதுவே தெளிவான ஈமான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னதாக முஸ்லிமில் பார்க்கிறோம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்டால் அடிக்காதீர்கள், வீட்டை விட்டுப் போ என்று சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

இன்ஷா அல்லாஹ், நாளை சனிக்கிழமை முதல் வாரந்தோறும் இஷாவுக்குப் பிறகு மாடியில் உள்ள மதரஸா ஹாலில் உட்கார்ந்திருப்பேன். கல்லூரிப் பிள்ளைகள் வரலாம். எந்தக் கேள்வியும் கேட்கலாம். தொழாதவர்களும் வரலாம். பெரியவர்கள் தயவுசெய்து அந்த நேரத்தில் மேலே வந்து நிற்க வேண்டாம். பிள்ளைகள் பேசமாட்டார்கள். நிர்வாகத்தார் டீக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஜஸாக்கல்லாஹ் கைர்.

யா அல்லாஹ்! தேடுகிற உள்ளங்களுக்கு உன் பக்கம் வழி காட்டுவாயாக. எங்கள் அதட்டலால் உன்னை விட்டுத் தூரப் போனவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களை நீயே திரும்ப அழைத்துக்கொள்வாயாக, எங்களையும் மன்னிப்பாயாக. கும்பகோணத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தந்தையரின் உள்ளங்களுக்கு ஆறுதலை இறக்குவாயாக. எங்கள் ஆறுகளில் தண்ணீரையும் வயல்களில் பரக்கத்தையும் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.